மின்காரை வீட்டில் சார்ஜ் ஏற்றும் செலவு கூடிவிட்டதா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

வீட்டில் மின்காருக்குச் சார்ஜ் ஏற்றும் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடினால், பெரும்பாலோர் முதலில் சார்ஜரைச் சந்தேகிக்கிறார்கள்; அடுத்து, பேட்டரி தேய்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறார்கள். இவை இரண்டும் உண்மைக் காரணமாக இருப்பது குறைவு. செலவு என்பது மூன்று எண்களைப் பெருக்கி வருவது. நூறு கிலோமீட்டர் ஓடக் கார் தன் பேட்டரியிலிருந்து எடுக்கும் யூனிட் (அதாவது கிலோவாட்-மணி) முதலாவது. பேட்டரிக்குள் ஒரு யூனிட் சேர வீட்டு மீட்டரில் எத்தனை யூனிட் ஓட வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. மீட்டரில் ஓடிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை மூன்றாவது. இம்மூன்றில் எது கூடியது என்று தெரியாமல் புதிய சார்ஜர் வாங்குவதும் கட்டணத் திட்டத்தை மாற்றுவதும் வீண் செலவாக முடியக்கூடும். ஆகவே முதலில் அளவெடுக்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய அளவீடு

பேட்டரி 30 விழுக்காடு அளவில் இருக்கும் ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் தொடங்குமுன் மீட்டர் ரீடிங்கையும் காரின் திரை காட்டும் விழுக்காட்டையும் குறித்துக்கொண்டு, 80 விழுக்காடு வரை இடைவிடாமல் ஏற்றிவிட்டு, மீண்டும் இரண்டையும் குறியுங்கள். சுவர் சார்ஜருக்கென்று தனி மீட்டரோ செயலியில் யூனிட் கணக்கோ இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால், கார் இணைக்கப்படாத வேறோர் இரவில் அதே நேரத்தில் வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியின் பயன்படு கொள்ளளவு 60 யூனிட் என்று கொள்வோம். 30லிருந்து 80 வரை ஏற்றினால் பேட்டரிக்குள் சென்றது 30 யூனிட். மீட்டரில் 34 யூனிட் ஓடியிருந்தால் 4 யூனிட் வழியில் கழிந்திருக்கிறது. அதாவது இழப்பு ஏறக்குறைய 12 விழுக்காடு. இந்த அளவீட்டை ஐந்தாறு விழுக்காடு மட்டும் ஏற்றிச் செய்யக் கூடாது. திரை முழு எண்ணையே காட்டுவதால் ஒரு விழுக்காடு பிசகினாலே 0.6 யூனிட் பிழை வந்துவிடும்; சிறிய சார்ஜில் அது கணக்கையே தலைகீழாக்கிவிடும்.

பேட்டரி தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கொள்ளளவு 60லிருந்து 54 யூனிட்டாகக் குறைந்திருந்தால், 50 விழுக்காடு என்பது 27 யூனிட்தான். ஆகவே மீட்டரிலும் குறைவாகவே ஓடும், இழப்பு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். தேய்ந்த பேட்டரி ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைக் குறைக்கிறதே தவிர, ஒரு கிலோமீட்டருக்கான மின்செலவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கட்டணம் உயர்ந்ததற்குப் பேட்டரியைக் காரணமாக்கும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சுமார் 7 கிலோவாட் வேகத்தில் ஏற்றும்போது 8 முதல் 12 விழுக்காடு வரையிலான இழப்பு இயல்பானது. சாதாரணச் சுவர்ச் சாக்கெட்டில் 2 கிலோவாட் அளவில் ஏற்றினால் 15 முதல் 20 விழுக்காடு வரை இழப்பு ஏற்படுவது வியப்பன்று. உங்கள் எண் இதைத் தாண்டினால் அடுத்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். இழப்பு இயல்பாக இருந்து கட்டணம் மட்டும் உயர்ந்திருந்தால், அதற்கு அடுத்த பகுதிக்கு நேரே செல்லலாம்.

அறிகுறி: மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கும் பேட்டரியில் சேரும் யூனிட்டுக்கும் பெரிய இடைவெளி

முதலில் பார்க்க வேண்டியது மின்னோட்டத்தின் அளவு. கார் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதன் கணினிகள், குளிர்நீர்ப் பம்பு, மின்தொடர்பு ரிலேக்கள் ஆகியவை விழித்திருந்து, காருக்குக் கார் மாறுபட்டாலும், பொதுவாக 200 முதல் 400 வாட் வரை எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் வேகமாக ஏற்றினாலும் மெதுவாக ஏற்றினாலும் இந்தச் செலவு மணிக்கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு வீணாகிறது.

அதே 30 யூனிட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்ற காருக்குள்ளேயே இருக்கும் உள் சார்ஜர் 93 விழுக்காடு திறனுடையது என்றும், விழித்திருக்கும் செலவு 300 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் சார்ஜ் ஏறி முடியப் பதினாறு மணி நேரத்துக்கு மேலாகும். விழித்திருப்பதற்கே ஏறக்குறைய 5 யூனிட் போய்விடும். 16 ஆம்பியரில் சுமார் ஒன்பதரை மணி நேரம், 2.9 யூனிட். 32 ஆம்பியரில் சுமார் நாலரை மணி நேரம், 1.4 யூனிட். 120 வோல்ட் வழங்கும் நாடுகளில் 12 ஆம்பியர் சாக்கெட்டில் ஏற்றுவோருக்கு இது இன்னும் கடுமை: ஒரு நாளுக்கு மேல் நீண்டு, எட்டு யூனிட்டுக்கு மேல் இதற்கே கரைந்துவிடும். இந்த எண்களில் கவனிக்க வேண்டியது, 10லிருந்து 16 ஆம்பியருக்கு உயர்த்தும் முதற்படியே அதிகம் மிச்சப்படுத்துகிறது என்பதுதான். 32 ஆம்பியர் சார்ஜர் பொருத்த வசதியில்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டியதில்லை. தனி வயரிங்குடன் 16 ஆம்பியர் கிடைத்தாலே பெரும்பகுதி இழப்பு தவிர்க்கப்படும்.

மெதுவாக ஏற்றினால் பேட்டரிக்கு நல்லது என்று எண்ணி மின்னோட்டத்தை வேண்டுமென்றே குறைத்து வைப்போர் பலர் உள்ளனர். 60 யூனிட் பேட்டரிக்கு 7 கிலோவாட் என்பது அதன் கொள்ளளவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வேகம்தான். பேட்டரியின் பார்வையில் அதுவே மிக மெதுவான சார்ஜ். அதற்கும் கீழே குறைப்பதால் பேட்டரிக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம், கட்டணத்தில் ஏறும் சுமையோ உறுதி.

ஆனால் மின்னோட்டத்தை உயர்த்துமுன் வயரிங் அதைத் தாங்குமா என்பதை மின்பணியாளர் ஒருவர் உறுதிசெய்தாக வேண்டும். வீட்டுச் சாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைப் பல மணி நேரம் தொடர்ச்சியாக எடுக்கும் வகையில் எல்லாச் சாக்கெட்டுகளும் செய்யப்படுவதில்லை.

மின்னோட்டம் போதிய அளவில் இருந்தும் இழப்பு கூடுதலாக இருந்தால், அடுத்து வயரைப் பாருங்கள். மீட்டர்ப் பலகையிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 30 மீட்டர் தொலைவு, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர். போக வர 60 மீட்டர் வயரின் மின்தடை ஏறத்தாழ 0.41 ஓம், அதில் வெப்பமாகக் கழிவது 105 வாட். அதே தொலைவுக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் 44 வாட் மட்டுமே. இதைக் கருவியில்லாமலும் ஓரளவு சோதிக்கலாம். பல கார்கள் சார்ஜ் திரையில் வோல்ட் அளவைக் காட்டுகின்றன. சார்ஜ் தொடங்கிய நொடியில் இருக்கும் அளவையும், மின்னோட்டம் முழுமையடைந்த பின் இருக்கும் அளவையும் ஒப்பிடுங்கள். 232லிருந்து 221க்கு இறங்கினால், 11 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்க 176 வாட் எங்கோ வெப்பமாகிறது. அந்த இறக்கம் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறுவதில்லை. மீட்டருக்கு முன்பாகத் தெருக்கம்பத்திலிருந்து வரும் கம்பியில் விழும் பங்கு உங்கள் மீட்டரில் ஓடாது. அதனால் மீட்டர்ப் பலகையிலும் அதே நேரத்தில் வோல்ட் அளந்து பார்த்தால்தான் வீட்டுக்குள் விழுவது எவ்வளவு என்று தெரியும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் கார் சார்ஜ் ஏற்றவே கூடாது; சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, வயரின் உறை உருகும்.

இந்த இடத்தில் செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிளக்கோ சாக்கெட்டோ கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால், நிறம் மாறியிருந்தால், கருகிய வாடை வந்தால், உடனே சார்ஜை நிறுத்திவிடுங்கள். தளர்ந்த ஒரு திருகின் தொடர்புத் தடை 0.1 ஓம் மட்டுமே இருந்தாலும் 16 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. மாதக் கட்டணத்தில் அது சிறு தொகை. சாக்கெட்டின் பிளாஸ்டிக்குக்கு அது நெருப்பு. மின்னோட்டத்தைக் குறைத்துச் சமாளிப்பது தீர்வாகாது, இணைப்பையே மாற்ற வேண்டும்.

வெப்பநிலையும் இழப்பைக் கூட்டும். உறைபனி நிலைக்கு அருகே லித்தியம் பேட்டரி சார்ஜை ஏற்க மறுப்பதால், கார் முதலில் பேட்டரியைச் சூடேற்றுகிறது; அந்த மின்சாரமும் உங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் பயணம் முடிந்து வந்தவுடன், பேட்டரியில் சூடு மிச்சமிருக்கும்போதே ஏற்றத் தொடங்குவது சிக்கனம். கடும் வெயிலில் நின்ற காருக்கோ எதிர்மாறாக, குளிரூட்டியை ஓட்டிப் பேட்டரியைத் தணிக்க வேண்டியிருக்கும். அங்கே பின்னிரவு வரை காத்திருப்பதே நலம். புறப்படும் முன் காரின் உட்புறத்தைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ நேரம் குறித்து வைத்திருந்தால், அந்த மின்சாரமும் மேற்சொன்ன அளவீட்டில் இழப்பாகத் தோன்றும். அது இழப்பன்று, நீங்கள் விரும்பிப் பெற்ற வசதி. அளவீட்டு இரவில் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.

நூறு விழுக்காடு வரை ஏற்றும் பழக்கமும் சிறிதளவு காரணமாகலாம். கடைசி ஓரிரு விழுக்காட்டில் மின்னோட்டம் இறங்கி, செல்களைச் சமன்படுத்தும் வேலை நடக்கும். விழித்திருக்கும் செலவு மட்டும் குறையாமல் தொடரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அவ்வப்போது முழுதாக ஏற்றுவதைத் தயாரிப்பாளர்களே பரிந்துரைப்பதுண்டு. அதை விட்டுவிட வேண்டாம். மற்ற வகைகளுக்கு அன்றாடம் 80 விழுக்காடு போதும்.

அறிகுறி: யூனிட் கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் பணம் அதிகம்

நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத் திட்டத்தில் இருப்போருக்கு இங்குதான் மிகப் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. இழப்பைப் பத்து விழுக்காட்டிலிருந்து எட்டாகக் குறைக்க உழைப்பதைவிட, உச்ச நேரத்தில் ஏறும் யூனிட்டை மலிவு நேரத்துக்கு நகர்த்துவதில் பன்மடங்கு பயன் உண்டு. மின்கட்டண ரசீதில் உச்ச நேர யூனிட்டும் மலிவு நேர யூனிட்டும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். கார் இரவில்தான் ஏறுகிறது என்று நீங்கள் நம்பியிருந்தும் உச்ச நேர யூனிட் உயர்ந்திருந்தால், நேரக் கட்டுப்பாடு எங்கோ தவறுகிறது என்று பொருள்.

மிக அடிக்கடி காணப்படும் காரணம், காரிலும் சுவர் சார்ஜரிலும் ஒரே சமயத்தில் நேரம் குறித்து வைத்திருப்பது. கார் இரவு 12 மணிக்குத் தொடங்கக் காத்திருக்கும். சார்ஜரோ 11 மணிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்து, கார் ஏற்காததால் ஓய்ந்துவிடும். காலையில் பேட்டரி வெறுமையாக இருப்பதைக் கண்டு நீங்கள் உச்ச நேரத்தில் கையால் தொடங்குவீர்கள். நேரம் குறிப்பது ஏதேனும் ஒன்றின் பொறுப்பாக இருக்கட்டும். மற்றொன்றை, இணைத்தவுடன் ஏற்றும் நிலையில் விட்டுவிடுங்கள். எதில் குறிப்பது என்றால், மலிவு நேரம் நாள்தோறும் மாறாமலிருக்கும் திட்டத்துக்குக் காரிலேயே குறிப்பதை நான் விரும்புவேன். இணையம் துண்டிக்கப்பட்டாலும் அது வேலை செய்யும். விலை மணிக்கு மணி மாறும் திட்டத்துக்குச் சார்ஜரோ அதன் செயலியோ பொறுப்பேற்க வேண்டும். அப்படிச் செய்யும்போது ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: சில கார்கள், இணைத்து நெடுநேரம் மின்சாரம் வராவிட்டால் உறங்கிவிடும், பிறகு வரும்போது விழிக்காது. மாலையில் இணைத்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் உண்மையாகவே தொடங்குகிறதா என்று ஓரிரவு பார்த்துவிட்டால் ஐயம் நீங்கும்.

இரண்டாவது காரணம் கடிகாரம். மின்தடைக்குப் பின் சில சார்ஜர்களின் கடிகாரம் பிசகிவிடும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில், மீட்டரின் கடிகாரம் நகராமல் இருப்பதுண்டு. அப்போது ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம் விலையுயர்ந்த மின்சாரம் ஏறும். உங்கள் மீட்டர் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதை அதன் திரையிலேயே பார்த்துவிட்டு, மலிவு நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஏறத் தொடங்கும்படியும், முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே நிற்கும்படியும் குறியுங்கள். ஒரு பகுதியிலுள்ள கார்கள் அனைத்தும் ஒரே நொடியில் தொடங்கி மின்கட்டமைப்பைத் திணறடிக்காதிருக்க, சில சார்ஜர்கள் வேண்டுமென்றே சில நிமிடங்கள் தாமதிக்கும், அது பழுதன்று.

மூன்றாவது, புறப்படும் நேரம் என்ற அமைப்பு. தொடங்கும் நேரத்தைக் குறிப்பதும் புறப்படும் நேரத்தைக் குறிப்பதும் ஒன்றல்ல. காலை 8 மணிக்குப் புறப்பாடு என்று குறித்தால், பல கார்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு, 8 மணிக்குச் சற்று முன் முடியும்படி ஏற்றுகின்றன. மலிவு நேரம் 6 மணிக்கே முடிந்துவிடுமானால், கடைசி இரண்டு மணி நேரமும் உயர்ந்த விலையில் ஓடும். அமைப்புக்குள்ளே மலிவு நேரத்தையும் தனியே குறிப்பிட இடமிருந்தால் குறியுங்கள். இல்லையேல் தொடங்கும் நேரத்துக்கே மாறிவிடுங்கள்.

சில கார்களில் குறைந்தபட்சச் சார்ஜ் என்றோர் ஏற்பாடும் உண்டு. பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், நேரக் குறிப்பு எதுவாக இருந்தாலும் இணைத்த உடனே அந்த அளவு வரை ஏற்றிவிடும். நீங்கள் பேட்டரியை அடிக்கடி மிகவும் வற்றவிட்டு மாலையில் வீடு திரும்புபவரானால், உச்ச நேர யூனிட்டின் மூலம் இதுவாக இருக்கலாம்.

நேரக் குறிப்பில் பிழையேதும் இல்லையென்றால், திட்டமே உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும். இரவு மலிவாகக் கிடைக்கும் திட்டங்களில் பகல் விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பழைய திட்டத்தில் யூனிட் ஒன்றுக்கு 10, புதியதில் பகலில் 13, இரவில் 6 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பகலில் வீடு 200 யூனிட்டும் இரவில் கார் 150 யூனிட்டும் எடுத்தால், இரவில் மிச்சமாகும் 600 முழுவதையும் பகல் விழுங்கிவிடும். திட்டம் மாறியும் செலவு மாறாது. கார் 250 யூனிட் எடுத்தால் 400 மிச்சம். குறைவாக ஓடும் காருக்கும், பகல் முழுதும் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கும் இத்திட்டம் நட்டத்தில் முடியலாம்.

யூனிட் கூடக்கூட விலை படிப்படியாக உயரும் அடுக்குக் கட்டணமுள்ள இடங்களில் கணக்கு வேறு. அங்கே காரின் செலவை ரசீதின் சராசரி விலையால் கணக்கிடுவது தவறு. வீட்டுப் பயன்பாட்டுக்கு மேல் ஏறும் யூனிட் அனைத்தும் உயர்ந்த அடுக்கில்தான் விழும். மின்வாகனத்துக்கென்று தனி மீட்டர் இணைப்பு வழங்கப்படுமானால் அதை விசாரிப்பது பயனுள்ளது. இணைப்பின் உச்சச் சுமைக்கும் கட்டணம் வாங்கப்பட்டால், வெந்நீர்க் கருவியும் அடுப்பும் ஓடும் நேரத்தில் 32 ஆம்பியர் எடுப்பது ஒரே ஒரு மாலையில் அந்த மாதத்தின் உச்சத்தை உயர்த்திவிடும். முந்தைய பகுதியில் வேகத்தைக் கூட்டச் சொன்னதற்கு இது விலக்கு: உச்சச் சுமைக் கட்டணம் உள்ள வீட்டில் 16 ஆம்பியரே பெரும்பாலும் சரியான இடைநிலை.

அறிகுறி: மலிவு நேரத்துக்குள் சார்ஜ் முடிவதில்லை

உண்மையில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் தேவை என்பதை முதலில் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓடும், 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் எடுக்கும் காருக்கு அன்றாடத் தேவை 8.5 யூனிட், இழப்புடன் சேர்த்து மீட்டரில் பத்துக்குள். 16 ஆம்பியரில் அது மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கொருமுறை வற்றவிட்டு ஏற்றுவதால்தான் மலிவு நேரம் போதாமல் போகிறது. இரவுதோறும் இணைத்து வைத்தால் பலருக்கு இந்தச் சிக்கலே எழாது.

அப்படியும் முடியவில்லையானால் சார்ஜின் நடுவே திரை காட்டும் ஆம்பியரைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ ஒன்று அதைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டின் மொத்தச் சுமையைக் கவனித்துச் சார்ஜரின் பங்கைக் குறைக்கும் சுமைச் சமன்படுத்தும் ஏற்பாடு இயங்கலாம்; இரவில் ஓடும் வெந்நீர்க் கருவியை வேறு நேரத்துக்கு மாற்றினால் அது விலகும். எப்போதோ வெளியூரில் பழைய சாக்கெட்டில் இணைத்தபோது காரில் குறைத்து வைத்த ஆம்பியர் அப்படியே தங்கியிருக்கலாம். பிளக்கில் வெப்ப உணரி உள்ள சார்ஜர், சூடேறியதால் தானே குறைத்திருக்கலாம். அப்படியானால் மேலே சூடான இணைப்பைப் பற்றிச் சொன்னதை மீண்டும் படியுங்கள்.

மும்முனை இணைப்பில் 11 கிலோவாட் சார்ஜர் பொருத்தியவர்கள் ஏமாற்றமடைவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அந்த 11 கிலோவாட் என்பது மூன்று முனைகளில் 16 ஆம்பியர் வீதம். காரின் உள் சார்ஜர் ஒருமுனை வகையானால், அதே சார்ஜரிலிருந்து 3.7 கிலோவாட் மட்டுமே எடுக்கும். எந்தச் சுவர் சார்ஜரும் காரின் உள் சார்ஜரை மீறி வேகம் தராது; வாங்குமுன் காரின் கையேட்டில் பார்க்க வேண்டிய எண் இதுவே.

நள்ளிரவில் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சு விழுந்து சார்ஜ் நின்றுவிடுவதும் உண்டு. காலையில் வேறு வழியின்றிப் பொது வேக சார்ஜரில் ஏற்றும்போது, வீட்டில் பல இரவுகளில் சேமித்தது போய்விடும். மழை நாட்களில் மட்டும் விழுந்தால் பிளக்கிலோ வெளிப்புற இணைப்பிலோ ஈரம் இறங்குகிறது; எப்போதும் விழுந்தால் எர்த் இணைப்பையும் கசிவையும் மின்பணியாளர் சோதிக்க வேண்டும். அந்தச் சுவிட்சை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். உயிர் காப்பது அதுதான்.

அறிகுறி: ஓட்டாத நாளிலும் பேட்டரி இறங்குகிறது

இரவில் 70 விழுக்காட்டில் நிறுத்தி, இணைக்காமல் விட்டு, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். இறங்கியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானால் கவலையில்லை. அதற்கு மேல் நாள்தோறும் இறங்கினால் கார் உறங்கவில்லை.

முதற் சந்தேகம் நிறுத்திய காரைக் கேமராவால் காவல் காக்கும் வசதி. இது கணினியை விழித்திருக்கச் செய்து, சில கார்களில் 250 வாட் அளவுக்கு இடைவிடாமல் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 6 யூனிட்; 30 நாளில் 180 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்ற கணக்கில் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய மின்சாரம். மீட்டரில் இழப்புடன் 200 யூனிட்டைத் தொடும். பூட்டிய வாயிலுக்குள் நிற்கும் காருக்கு இது தேவையா என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் வீட்டில் மட்டும் இதை அணைத்து, வெளியிடங்களில் இயங்கும்படி வைக்கலாம்.

அடுத்து, காரின் நிலையை நொடிக்கொருமுறை கேட்டுக்கொண்டிருக்கும் வெளிச் செயலிகள். ஒவ்வொரு கேள்வியும் காரை எழுப்புகிறது. அத்தகைய செயலிகளை நீக்கி, காரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மீண்டும் ஒரு நாள் அளந்தால் விடை தெரிந்துவிடும். சாவியைக் காருக்கு மிக அருகே வைப்பதும், வெயிலில் உட்புறம் சூடேறாதபடி குளிர்விக்கும் வசதியை இயக்கி வைப்பதும் இதே விளைவைத் தரும். இவை எதுவும் இல்லையெனில் 12 வோல்ட் துணைப் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது நலிந்துவிட்டால், அதை நிரப்புவதற்காகவே கார் அடிக்கடி விழித்துப் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: சூரிய மின்தகடு இருந்தும் காருக்கு வெளி மின்சாரம் ஓடுகிறது

மின்காருக்கான பன்னாட்டுத் தரத்தின்படி சார்ஜ் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்காது. ஒருமுனையில் அது ஏறக்குறைய 1.4 கிலோவாட், மும்முனையில் 4.1 கிலோவாட். உங்கள் கூரையில் உபரியாக 1 கிலோவாட் மட்டுமே இருந்தால் எஞ்சியது வெளியிலிருந்துதான் வரும். மும்முனைச் சார்ஜரை ஒருமுனைக்கு மாற்றும் வசதி இருந்தால், மேகமூட்டமான நாட்களில் அதுவே பெரிய உதவி. உபரி போதிய அளவில் இருந்தும் வெளி மின்சாரம் ஓடினால், மீட்டர்ப் பலகையில் வயரைச் சுற்றி மாட்டியிருக்கும் மின்னோட்ட உணரி தலைகீழாகவோ தவறான வயரிலோ மாட்டப்பட்டிருக்கக்கூடும். உபரியையும் பயன்பாட்டையும் அது இடம் மாற்றிப் படிக்கும்.

வீட்டில் சேமிப்பு பேட்டரியும் இருந்தால், இரவில் கார் ஏறும்போது அதன் இருப்பைக் கவனியுங்கள். காரின் தேவையை வீட்டுத் தேவையாக எண்ணி, பகலில் சேர்த்ததை எல்லாம் அது காருக்குக் கொட்டிவிடும். ஒரு பேட்டரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது இருமுறை இழப்பு ஏற்படுவதோடு, மறுநாள் காலை உச்ச விலையில் வீடு வெளி மின்சாரத்தை வாங்க வேண்டிவரும். மலிவு நேரத்தில் சேமிப்பு பேட்டரி வெளியே கொடுக்காதபடி பூட்டி வைப்பதே தீர்வு.

கூரை மின்சாரத்தை வெளியே விற்றால் கிடைக்கும் விலை, இரவில் வாங்கும் மலிவு விலையைவிட அதிகமாக இருக்குமானால், பகலில் விற்றுவிட்டு இரவில் ஏற்றுவதே இலாபம். சொந்த மின்சாரத்தில் ஓட்டும் மனநிறைவு வேறு, கணக்கு வேறு. எதை விரும்புகிறீர்கள் என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: இழப்பும் விலையும் இயல்பு, ஆனால் மாத யூனிட் கூடிக்கொண்டே போகிறது

கார்தான் அதிகம் எடுக்கிறது. 100 கிலோமீட்டருக்கான சராசரியை முந்தைய மாதங்களுடன் ஒப்பிடுங்கள். காற்றின் எதிர்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 90லிருந்து 110 கிலோமீட்டருக்குப் போனால் அந்த விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. டயரில் காற்றுக் குறைவு, கூரைமேல் பெட்டி, குளிர்காலத்தில் வெப்பக்கம்பி வகைச் சூடேற்றி ஆகியவையே மற்ற வழக்கமான காரணங்கள். காரின் திரை ஓடும்போது செலவானதை மட்டுமே காட்டுவது வழக்கம். நிற்கும்போது கரைந்ததும் சார்ஜ் இழப்பும் அதில் சேராது. எனவே திரையின் எண்ணை விலையால் பெருக்கி, ரசீதோடு ஒத்துவரவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

எதுவும் விளக்கவில்லை என்றால்

மீட்டரையே சோதிக்கலாம். அதில் மினுக்கும் சிறு விளக்கின் அருகே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காரை மட்டும் நிலையான 16 ஆம்பியரில் ஏற்றுங்கள். யூனிட்டுக்கு 1000 மினுக்கு என்றால், ஒரு நிமிடத்தில் 60 முறை மினுக்கினால் 3.6 கிலோவாட் ஓடுகிறது. சார்ஜரின் திரையோ மின்பணியாளரின் கிளாம்ப் மீட்டரோ காட்டும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கிப் பார்க்கும் எண்ணுடன் இது நெருங்கி வர வேண்டும். பிறகு காரையும் துண்டித்துவிட்டுப் பாருங்கள். சுவர் சார்ஜர் சும்மா இருக்கும்போது சில வாட் எடுப்பது இயல்பு. 5 வாட் என்றாலும் ஆண்டுக்கு 44 யூனிட்தான். எல்லாம் அணைந்தும் விளக்கு விரைந்து மினுக்கினால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மீட்டரின் பின்னால் ஓடுகிறது. கிளைச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, எதை இறக்கும்போது மினுக்கு நிற்கிறது என்று பார்த்தால் அந்த வயர் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். எண்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் முரண்பட்டு, இரண்டாம் முறை அளந்தும் அப்படியே இருந்தால், இந்த அளவுகளை எழுத்தில் இணைத்து மின்வழங்குநரிடம் மீட்டர்ச் சோதனைக்கு விண்ணப்பியுங்கள்.